தாங்கப் போனவனைத் தாங்கினார்கள்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? நான் நலம், என் தொப்பை என்னைவிட நலம்.

இங்கே எங்கள் தெருவில் முதியவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். விழாமல் பிடித்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். விடுமுறை நாளில் பெரிய தியாகி போலப் போனேன். எல்லாரையும் ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னதும் நான்தான் சாய்ந்தேன். எண்பது வயதுத் தையல்காரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பிடிக்க வந்த ஆளைப் பாருங்கடி!" என்று சிரித்தவர், "உங்க அம்மாவும் இப்படிப் பயிற்சி பண்றாங்களா தம்பி?" என்றார்.

"தினமும் பண்றாங்க" என்று கூசாமல் புளுகினேன். உன்னால் வாசல்படி இறங்க முடிகிறதா என்றுகூட நான் கேட்டதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

நம் ஊர்ப் பூங்காவில் மாலையில் பெரியவர்கள் கூடி நடக்கிறார்களாமே, பக்கத்து வீட்டு அத்தையோடு நீயும் போ அம்மா. என் பொய்யை மெய்யாக்கு. வழுக்காத செருப்பு அனுப்புகிறேன், கால் அளவை எழுது. அதுவும் எனக்குத் தெரியவில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் மகன்