அபி திரும்பவும் அடிக்க வந்தாள்

6 மே 2004, வியாழன். ஹம் நகரம், ஜெர்மனி.

மழை. இந்தச் சொல்லை எழுதி முடிப்பதற்குள் விட்டுவிட்டது. பரவாயில்லை, என் கையெழுத்து. எழுபது வயதுக்குப் பிறகு வந்த எழுத்து. பார்க்கப் பார்க்கச் சந்தோஷம்.

வீட்டில் சந்தோஷம் இல்லை. பேத்தி அபியின் பேஸ்போல் ஆட்டங்கள் இனிச் சனிக்கிழமைகளில். தமிழ்ப் பள்ளியும் சனிக்கிழமை. மகன் வசந்தன் முதலில் முடியாது என்றான். பிறகு, "ஒருக்கா வந்து பாக்கிறன். பிரயோசனம் இல்லையெண்டால் நிப்பாட்டிப் போடுவன்." அபி சாப்பிடவில்லை.

தமிழ்ப் பள்ளியில் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்துதான் நானும் எழுதப் பழகினேன். யார் பக்கம் பேசுவது?

வெங்காயம், பால் வாங்க வேண்டும்.

7 மே, வெள்ளி.

வெயில். முழங்கால் நோகிறது. முதல் தடவையாக அபியோடு பயிற்சிக்குப் போனேன். பயிற்சியாளர் வெர்னர், என் வயதுக்காரர். அவர் சொன்னதை அபி தமிழில் சொன்னாள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலம். தெற்கே அவருடைய ஊர். இடிந்த வீடுகள், தெருவில் தங்களுக்குள் அடிபட்டுத் திரிந்த பிள்ளைகள். அமெரிக்கச் சிப்பாய்கள் மட்டையும் தோல் கையுறையும் கொடுத்து, குழு பிரித்து விளையாட வைத்தார்களாம். பிள்ளைகள் முறை பார்த்து நிற்கப் பழகினார்களாம்.

அபி, வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. இங்கே தன் குழுவில் உள்ள ஒரு துருக்கிப் பிள்ளையைப் பார்த்து ஓடு ஓடு என்று கத்துகிறாள். என்ன குரல்!

8 மே, சனி.

குளிர் காற்று. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட நானும் உதவினேன். கொஞ்சம் வளைந்துவிட்டது. வசந்தன் வேலை உடுப்போடு வந்து வேலியடியில் நின்றான். அபி அடித்தாள். பந்து மேலே போனது. பிடித்துவிட்டார்கள்.

"அவுட். முடிஞ்சுது, ஐயா. இதுக்கோ பள்ளியை விடுறது?" என்றான் என்னைப் பார்த்து.

ஊரில் கிரிக்கெட் விளையாடியவன். அவுட் என்றால் அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

பிறகு அபி திரும்பவும் மட்டையோடு வந்தாள். இந்த விளையாட்டில் முறை சுற்றிச் சுற்றி வருமாம். அடித்தாள். பந்து தூரத்துப் புல்லில். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் வேலியடியைப் பார்த்தாள். அங்கே நான் மட்டும்.

9 மே, ஞாயிறு.

வானம் மப்பு. அபி திரும்பவும் வந்து அடித்ததை வசந்தனிடம் சொன்னேன். நம்பாமல் அபியைக் கேட்டான். அவள் ஓம் என்றாள். பிறகு அடுத்த சனிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னான்.

"வேண்டாம் அப்பா. நேற்று நீங்கள் நிக்கேல்லை. நான் தமிழ்ப் பள்ளிக்கே போறன்."

கையுறையை என்னிடம் தந்தாள், வெர்னரிடம் கொடுத்துவிடச் சொல்லி. மேசையில் வைத்தேன். தேநீர் ஆறிப்போனது.

பின்னேரம். கையுறை மேசையில் இல்லை. ஜன்னலால் பார்த்தேன். கீழே புல்லில் வசந்தன், அந்தச் சின்னக் கையுறையைப் பிழையான கையில் மாட்டிக்கொண்டு தனியே நிற்கிறான். அபியும் எட்டிப் பார்த்தாள். காலில் போடச் சப்பாத்துத் தேடுகிறாள்.