விரிசலுக்குக் கீழே ஒரு கூடாரம்

மார்ச் 4

மலைக்காரருக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். நாம் பிரிந்தபின் அலுவலகக் குறிப்பு மட்டுமே அனுப்பியவள் இப்போது கடிதம் எழுதுகிறாளே என்று புருவத்தைத் தூக்காதீர்கள். விஷயம் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய இடக்குறிகளைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் ஏற்றிவிட்டேன். மலையாடுகள் குட்டி போடும் சரிவுகளைப் பச்சையில் தீட்டியாயிற்று. இந்த வரைபடம் அரசிடம் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே சாலை வராது. ஆனால் உங்கள் கூடாரத்துக்கு மேலே, சரிவின் குறுக்கே, மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரிகிறது. போன மாதப் படத்தில் அது இல்லை. விரிசல் என்றுதான் தோன்றுகிறது. மழைக்கு முன் கூடாரத்தைப் பாறைமேட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

போன் எடுக்காத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சாமான் ஜீப்பில் இதை அனுப்புகிறேன்.

வரைபடக்காரி

மார்ச் 9

அன்புள்ள வரைபடக்காரிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! விரிசல் எனக்கும் தெரியும். ஆனால் அது மலையில் இல்லை.

கோபப்படாதே. நீ பார்த்தது நிழலாக இருக்கும். இங்கே சினை ஆடுகள் சில நாளில் ஈனப்போகின்றன. பாறைமேட்டுக்குப் போனால் ஒன்றையும் பார்க்க முடியாது. முழங்கால் வலித்ததற்கே பக்கவாதம் என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனவள் நீ. வீட்டுக்கு வரச் சொல்ல வேறு வழி தெரியவில்லையா?

சமையல்காரரும் வழிகாட்டியும் உன்னை விசாரித்தார்கள்.

மலைக்காரன்

மார்ச் 12

மலைக்காரருக்கு,

உங்கள் கேலியைப் படித்துவிட்டு நம் அலுவலக இயக்குநரிடம் போனேன். "ஒரு கோட்ட வச்சு ஆளுங்கள இறக்க முடியாதும்மா, அடுத்த படம் வரட்டும்" என்கிறார். வருகிற படமெல்லாம் மேகம். திரை முழுக்க வெள்ளையாக இருக்கிறது. அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு நான் கூப்பிடவில்லை. என்மேல் இருக்கிற கோபத்தை மலையிடம் காட்டாதீர்கள். உங்களை நம்பி வந்த இருவருக்கும் குடும்பம் இருக்கிறது. என் பேச்சை நம்ப வேண்டாம், ஏறிப்போய் உங்கள் கண்ணால் பாருங்கள். இரண்டு மாதப் படத்தையும் அச்செடுத்து இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். கோடு தொடங்கும் இடத்தை வட்டமிட்டிருக்கிறேன்.

வரைபடக்காரி

மார்ச் 17

மலைக்காரருக்கு,

ஜீப் திரும்பிவிட்டது, உங்கள் பதில் இல்லாமல். கவரை வாங்கிக்கொண்டு என்ன செய்தார் என்று ஓட்டுநரைக் கேட்டேன். "அப்படியே பையில வச்சுக்கிட்டாரும்மா" என்றார். பிரித்தீர்களா?

இங்கே நேற்றிலிருந்து அடைமழை. அலுவலகத்தில் எந்தப் போன் அடித்தாலும் நானே ஓடிப்போய் எடுக்கிறேன். பாதை மூடிவிட்டதாம், இந்தக் கடிதம் எப்போது வருமோ தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன். வேறு என்ன செய்ய?

வரைபடக்காரி

மார்ச் 24
வனச் சாவடி

அன்புள்ள உனக்கு,

மூவரும் பத்திரம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கவரைப் பிரிக்க எனக்கு மனசில்லை. வழிகாட்டிதான் அதை வாங்கிப் பிரித்துப் படத்தைப் பார்த்தார். வட்டமிட்ட இடத்துக்கு ஏறினோம். புல்லுக்கு அடியில் தரை வாய் பிளந்திருந்தது. அவர் கம்பை உள்ளே விட்டார், அடி தட்டவில்லை. "சார், போயிடலாம்" என்றார். மாலைக்குள் பாறைமேட்டுக்கு மாறினோம். மறுநாள் மழையில் சரிவு மொத்தமும் இறங்கியது. கூடாரம் இருந்த இடமே இல்லை. சமையல்காரர் அழுதுவிட்டார்.

ஆடுகள் சில புதைந்திருக்கும். மற்றவை எதிர்ச்சரிவில் குட்டிகளோடு நிற்கின்றன. இடக்குறிகளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீ இல்லாவிட்டால் நான் இல்லை. வேலை முடிந்ததும் வீட்டுக்கு வரட்டுமா? மறுபடி சேர்ந்து இருக்கலாம்.

உன்னுடைய நான்

ஏப்ரல் 2

மலைக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலக வாசலிலேயே நின்று படித்தேன். அழுதேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன்.

மேகம் விலகிவிட்டது. மலையில் பழுப்பாக ஒரு வடு. அங்கே தீட்டியிருந்த பச்சையை அழித்துவிட்டு எதிர்ச்சரிவைச் சேர்த்திருக்கிறேன். வரைபடத்தை இயக்குநர் மேலே அனுப்பிவிட்டார்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வர வேண்டாம். உங்கள் கடிதம் வந்த அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் நன்றாகத் தூங்கினேன். கல்யாணமானதிலிருந்து அப்படித் தூங்கியதில்லை. இத்தனை வருஷமும் உங்களுக்காகப் பயந்துகொண்டே இருந்திருக்கிறேன். அதைத்தான் பாசம் என்று இருவரும் நினைத்திருக்கிறோம். நீங்கள் பிழைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. ஆனால் திரும்பவும் பயப்பட என்னிடம் தெம்பில்லை.

புதுப் படம் வரும்போதெல்லாம் உங்கள் பக்கத்தை முதலில் பார்ப்பேன். ஏதாவது தெரிந்தால் அன்றே எழுதுவேன். என்னிடமிருந்து கடிதம் வராத நாளெல்லாம் மலை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வரைபடக்காரி