கன்னியம்மா எனக்காகச் சொன்ன பொய்

நாவலூர்
12.7.2007

அன்பு மகள் துர்காவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஓவியாவும் அந்தக் குவைத் வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று வழக்கம் போல எழுதக் கை வரவில்லை, ஆனால் நீ பயப்படாதே, அப்பா இப்போது கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். போனில் சொன்னால் பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பாரே என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா பழனிக்குப் போயிருக்கிறார் என்று போன மாசம் உன்னிடம் சொன்னது பொய். நிலத்தை ஃப்ளாட் கட்டக் கொடுத்த பிறகு அவருக்குக் காலையில் எழுந்து போக ஓர் இடமில்லை, குடி மட்டும் கூடிக்கொண்டே வந்தது, அது உனக்கே தெரியும். உன் சித்தப்பா வீட்டு நிச்சயதார்த்தத்தில் பந்தியிலேயே விழுந்து வேட்டியை நனைத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க நானும் உன் தம்பி வினோத்தும் தூக்கிக்கொண்டு வந்தோம். மறுநாள் அவரே என் கையைப் பிடித்து, எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ என்றார். பிரைவேட்டில் சேர்த்தால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று தாம்பரம் பக்கம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம், அங்கே குடியை நிறுத்தத் தனி வார்டு இருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் யார் தெரியுமா, நம் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கோவளம் கன்னியம்மாவின் வீட்டுக்காரர். நான் முந்தானையை இழுத்து முகத்தை மூடித் திரும்பிக்கொண்டேன் துர்கா. இத்தனை வருஷம் அவளிடம் மீன் வாங்கியவள், தெரியாதவள் போல இருந்தேன். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. குடியை நிறுத்தியதும் அப்பாவுக்குக் கைகால் உதறியது, சுவரெல்லாம் பூச்சி ஊறுகிறது என்று கத்தி, ஊசி போட வந்த நர்சைத் தள்ளிவிட்டார். கன்னியம்மாதான் ஓடி வந்து காலை அழுத்திப் பிடித்தாள். அவள் புடவை மேலெல்லாம் வாந்தி எடுத்தார். எங்க ஊட்டுக்காரரும் இப்டித்தான் கத்திக்கினு கெடந்தாரு, தெளிஞ்சிரும்மா என்றாள். அப்போதும் நான் முந்தானையை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் அவள் கூடையோடு தெருவுக்கு வந்தாள். எதிர்வீட்டு கங்கையம்மாள் அக்காவும் இன்னும் சிலரும் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்து, "இன்னாம்மா, ஊருக்குப் போயிருந்தியா, ஆளையே காணோம்" என்றாள். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிக் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"ஊருக்கு எங்க போனேன் கன்னியம்மா, உன்கூடத்தானே ஆஸ்பத்திரியில, குடியை நிறுத்துற வார்டுல இருந்தேன். உன் வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டேன். அவள் கூடையைப் பார்த்தபடி, இப்போது தேவலை, கடலுக்குப் போகிறார் என்றாள். கங்கையம்மாள் அக்கா மீனை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். அதன் பிறகு நான் வாசல் பக்கமே போகவில்லை, கோலம்கூட வினோத்தின் பெண்டாட்டிதான் போட்டாள்.

நேற்று மத்தியானம் கங்கையம்மாள் அக்கா பின்பக்கமாக வந்தார். என் முகத்தைப் பார்க்காமலே, அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று கேட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நாளைக்கு நானே கூட வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா இனிமேல் தொடவே மாட்டார் என்று எழுத எனக்குத் தைரியமில்லை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், டாக்டர் வரச் சொன்ன நாளில் போகிறார், அவ்வளவுதான் சொல்ல முடியும். ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது என்னோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடாதே, அவரிடமும் பேசு. குழந்தைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. அம்மன் உங்கள் மூவரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் அம்மா
அங்காளம்மா