அத்தானுக்குப் பதில் கடலுக்கு

மே 6, புதன்

காலை பத்துக்கே தார் இளகுது. மின்விசிறியில் சூட்டுக்காத்துதான். கடைசி விடைத்தாள் கட்டு பள்ளியில் ஒப்படைத்தாச்சு. இனி ஜூன் வரை லீவு.

அத்தானுக்குக் கணுக்காலில் மாவுக்கட்டு, ஐந்தாம் நாள். காலனி வாசல் சரளையில் ஸ்கூட்டர் சறுக்கியது. உள்ளே அரிக்குதாம். ஸ்வெட்டர் பின்னுகிற ஊசி கொடுத்தேன். பாதி நேரம் அதோடுதான்.

வலியைவிட சனிக்கிழமைதான் பெரிய வேதனை. ஆறு வருஷமாக மே மாதம் அவரும் ஆபீஸ் நண்பர் விலாஸும் கொங்கண் கடற்கரை ஹர்ணைக்குப் போய், வாடகைப் படகில் பெரிய மீன் பிடிக்க நடுக்கடல் போவார்கள். மழை வந்துவிட்டால் படகெல்லாம் கரையேறிவிடும். அப்புறம் அடுத்த வருஷம்தான்.

சாயங்காலம் விலாஸ் வந்தார். "கேன்சல் பண்ணிடலாமா?" இந்தியில். அத்தான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சப்பாத்தி தேய்த்துக்கொண்டே நான் சொன்னேன், "நான் போறேன்."

அத்தான் சிரித்தார். "கடக்வாஸ்லா ஏரியில படகு ஆடினதுக்கே கண்ணை மூடிக்கிட்டவ நீ."

கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் சிரித்தார்.

விலாஸ் சிரிக்கவில்லை. "வரட்டுமே. சுனந்தாவையும் கூட்டிட்டு வர்றேன், வஹினிக்குத் துணை." சுனந்தா அவர் மனைவி; வஹினி நான், மராத்தியில் அண்ணி. கடலைப் பார்த்தாலே அவளுக்கு வாந்தி. கரையிலேயே இருப்பாளாம்.

ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. சப்பாத்தி இரண்டு கருகல்.

மே 7, வியாழன்

வராந்தாவில் பாடம். தூண்டில் நரம்பை ஒரு வாளித் தண்ணீரில் கட்டி, இடுப்பு பெல்ட்டின் குழிவில் கழியை ஊன்றி, வாளியை இழுக்கச் சொன்னார்.

"கையால தூக்காத. முதுகைச் சாய்ச்சுத் தூக்கு. இறக்கும்போது ரீலைச் சுத்து. சுத்திட்டே தூக்காத!"

இருபது தடவை. மாடி டிசூசா ஆன்ட்டி எட்டிப் பார்த்து, வீட்டில் தண்ணீர் வரவில்லையா என்றாள்.

எடுத்து வைக்க: தொப்பி. முழுக்கைச் சட்டை (அத்தானுடையது). வாந்தி மாத்திரை. இஞ்சி மிட்டாய். குளிர்கண்ணாடி. பிஸ்கட். ஜெபமாலை.

கழியைத் தானே துடைத்து உறையில் போட்டார். நான் தொட்டால் "இரு, இரு". காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற மாதிரி. பாவமாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலும்.

மே 8, வெள்ளி

தாம்ஹிணி மலைப்பாதை முழுக்கக் காய்ந்து கிடக்கிறது. சுனந்தா பின்சீட்டில் என் தோளில் தூக்கம். ஒரு இடத்தில் வடாபாவ், காரம்.

ஹர்ணை நாலு மணிக்கு. மாட்டுவண்டிகள் கடலுக்குள்ளேயே இறங்கி மீன்கூடை ஏற்றுகின்றன. மணலில் ஏலம். கத்தல், நாற்றம், காக்கா. எனக்குப் பிடித்திருந்தது.

படகுக்காரர் யாசீன்பாய். ஐம்பது இருக்கும், குறைவான பேச்சு. என்னை ஒருமுறை பார்த்தார், அத்தானின் கழியைப் பார்த்தார். "சார் எங்கே?" சொன்னேன். தலையாட்டினார்.

அத்தான் போன் மூன்று தடவை. மூன்றாவதில்:

"பெரிசு ஏதாச்சும் விழுந்தா கழியை விலாஸ்கிட்ட குடுத்துரு."

"ஏன்?"

"குடுத்துருன்னா குடுத்துரு, கிறிஸ்டி."

மே 9, சனி

எழுத்து கோணல். ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். இரண்டு தடவை வாந்தி, அதன்பின் வயிறு லேசாகிவிட்டது. தண்ணீர் முதலில் மண் நிறம், பிறகு பச்சை, கரை மறைந்தபிறகு நீலம். இப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததில்லை.

படகு மெதுவாகப் போக, பின்னால் நாலு நரம்பில் பிளாஸ்டிக் பொய்மீன்கள் துள்ளிக்கொண்டு வரும். அவ்வளவுதான் வேலை. பார்த்துக்கொண்டே இருப்பது. விலாஸுக்கு ஒரு சுர்மை, நம் வஞ்சிரம், கை நீளம். பிறகு மூன்று மணி நேரம் ஒன்றுமே இல்லை. விலாஸ் கொட்டாவி. நான் இஞ்சி மிட்டாய்.

பதினொன்றரை இருக்கும். அத்தானின் ரீல் 'கிர்ர்ர்' என்று ஓடியது. தூரத்தில் ஒரு மீன் தண்ணீரைக் கிழித்து எழும்பியது. ஆளை விட நீளம். முதுகுத் துடுப்பு விசிறி மாதிரி விரிந்தது.

"மோர்!" யாசீன்பாய் கத்தினார். மயில். நம் பக்கத்திலும் அதற்கு மயில்மீன் என்றுதான் பேர்.

கழி என் பெல்ட்டில். எப்படி வந்தது என்று ஞாபகமில்லை. நரம்பு போய்க்கொண்டே இருந்தது. முதுகைச் சாய், இறக்கு, சுற்று. பத்து அடி கிடைத்தால் முப்பது அடி போகும். முதுகு எரிந்தது. விரல்கள் மரத்துப்போயின. விலாஸ் என் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"வஹினி, போதும். என்கிட்ட குடுங்க."

அத்தான் சொன்னது காதில் இருக்கிறது. கொடுத்திருக்கலாம். நியாயமும் அதுதான்.

"நகோ," என்றேன். வேண்டாம். இன்னொரு தடவை அவர் கை நீட்டியபோது கத்தியே சொன்னேன். இருபது வருஷம் எட்டாம் வகுப்பை அடக்கிய குரல். விலாஸ் கையை எடுத்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரம். கடைசியில் படகோரம் வந்தது. யாசீன்பாய் கையுறை போட்ட கையால் அதன் ஊசிமூக்கைப் பிடித்தார். உடம்பில் நீலக்கோடுகள் மினுங்கி, அணைந்து, மறுபடி மினுங்கின. கண் எவ்வளவு பெரிசு! விலாஸ் போனில் போட்டோ எடுத்தார்.

இதை விட்டுவிடுவதுதான் இவர்கள் வழக்கம். தூண்டில் முள்ளை எடுத்து, படகை மெல்ல ஓட்டி, அதன் வாயில் தண்ணீர் ஓட விட்டார். வால் ஆடியது. விட்டார்.

நான் உட்கார்ந்து அழுதேன். சோகமில்லை. கை அப்படி வலி.

"போட்டோவை அத்தானுக்கு அனுப்பாதீங்க. நேர்ல நான் சொல்லிக்கிறேன்," என்றேன் விலாஸிடம், கரையிறங்கும்போது. அவர் முகம் தொங்கிப்போயிற்று. கரை தெரிந்து சிக்னல் வந்ததுமே ஆபீஸ் குரூப்பில் போட்டுவிட்டாராம்.

உடனே போன் செய்தேன்.

"ம். பாத்தேன். நல்லது." வைத்துவிட்டார்.

மே 10, ஞாயிறு

பூசை போச்சு. வழியெல்லாம் சுனந்தா பேச்சு, நான் 'ம்'. என் கையால் ரொட்டி பிய்க்க முடியவில்லை, அவள்தான் பிய்த்துக் கொடுத்தாள்.

மூன்றரைக்கு வீடு. அத்தான் நாற்காலியில். "சாப்டியா?" சாப்பிட்டேன். "ரோட்டுல கூட்டமா?" இல்லை.

மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கழியை வாங்கி, உறையைப் பிரித்து, உப்புப் போக ஈரத்துணியால் துடைத்தார். அரை மணி நேரம் துடைத்தார்.

கோபம். வாழ்த்து கூட வேண்டாம், கேட்டிருக்கலாம் இல்லையா? அவருடைய ஆசையை நான் பறித்துக்கொண்டு வந்தேனா என்ன?

மே 11, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. பால்காரன் வரவில்லை. கறுப்பு டீ.

டம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தைல பாட்டிலை எடுத்து, "கையைக் குடு" என்றார்.

தேய்த்துக்கொண்டே, "கழியை விலாஸ் கேக்கலையா?"

"கேட்டாரு. ரெண்டு தடவை. நான் குடுக்கலை."

"நான் போன்ல சொன்னேன்லா?"

"ஆமா."

வலது கை முடிந்து இடது கை. அப்புறம் தலை நிமிராமல் சொன்னார்.

"மூணாவது வருஷம் எனக்கும் ஒண்ணு விழுந்துச்சு. மயில்தான். பத்து நிமிஷம்கூட ஆகலை, பயந்துட்டேன். கழி கையை விட்டுப்போயிடும்னு பயம். விலாஸ்கிட்ட குடுத்துட்டேன். அவன் கையில இருக்கும்போது நரம்பு அறுந்துபோச்சு. 'யார்ட்டயும் சொல்லாத'ன்னேன். அவனும் சொல்லலை."

என்னிடமும் சொல்லவில்லை. கடல்கதை எத்தனை சொல்லியிருப்பார்! இது இல்லை.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு," என்றேன். நிஜம்தான்.

"இருந்தும் குடுக்கலை."

"குடுக்கலை."

தைல பாட்டிலை மூடினார். "சரி, முதல்லேருந்து சொல்லு. எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

சொன்னேன். எத்தனை தடவை எழும்பியது, எந்தப் பக்கம் ஓடியது, ரீல் சூடானதா, எல்லாம் கேட்டார். டீ ஆறிப்போயிற்று. என் கை அவர் மடியிலேயே இருந்தது.

"விட்டதும் உடனே போயிருச்சா?"

"இல்லை. கொஞ்ச நேரம் படகோரத்துலயே நின்னுச்சு. அப்புறம்தான் உள்ளே போச்சு."

"நின்னுச்சா?" என்றார். "எவ்வளவு நேரம்?"