ஜெபத்தில் உன் பேரைச் சொன்னதற்கு

மகளே,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்க்காரர் வருவார். சாவி செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது.

"எனக்கு நம்பிக்கையே போயிடுச்சுப்பா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று என்னிடம் மட்டும்தான் சொன்னாய். நானோ நேற்று நம் வீட்டு ஜெபக் கூட்டத்தில், பதினோரு பேர் கண்ணை மூடியிருக்க, உன் பேரைச் சொல்லி, "விசுவாசத்தை விட்டுப்போன என் மகளைத் திருப்பிக் கொண்டுவாரும் ஆண்டவரே" என்று உரக்க ஜெபித்தேன். எல்லோரும் "ஆமென்" என்றார்கள். நான் கண்ணைத் திறந்தபோது நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இனிமே உங்ககிட்ட ஒண்ணுமே சொல்ல மாட்டேன்" என்றாய். நியாயம்தான். உன் அம்மா இருந்தபோது அவளையும் ஜெபத்தில்தான் கண்டித்தேன். யாரும் எதிர்த்துப் பேச முடியாத இடமாகப் பார்த்தே பேசியிருக்கிறேன்.

இன்று காலை தனியாக முழங்காலில் நின்றேன். ஒரு வார்த்தைகூட வரவில்லை. பக்கத்தில் கேட்க ஆள் இல்லாவிட்டால் எனக்கு ஜெபிக்கவே தெரியாது போலிருக்கிறது.

அப்பா

மறந்துவிட்டேன்: இனி நம் வீட்டில் கூட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை.

'அப்பா' என்பதற்கு மேலே கோடு போட்டு அடித்திருப்பது "உனக்காக ஜெபிக்கிறேன்" என்ற வரி. பழக்கத்தில் கை எழுதிவிட்டது.