இரண்டரை அந்தர்க் கல்

அண்ணன்,

இன்று காலை எங்கள் கிணற்றடியைத் திருத்த வந்த மேசன், அங்கே கிடந்த துணி தோய்க்கும் கல்லை அலவாங்குக் கம்பி கொடுத்துப் புரட்டினான். தனியாக ஏலாமல் தன் ஆளையும் கூப்பிட்டான். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைச் சாய்த்தபோது, முப்பது வருடத்துக்கு மேலாக மண்ணைப் பார்த்துக் கிடந்த அடிப்பக்கம் வெளியே வந்தது. மேசன் ஈரமண்ணைக் கையால் வழித்துவிட்டுச் சொன்னான்: "ஐயா, இதில ஆரோ குறி போட்டிரிக்காங்க. மூண்டு கோடு."

கையிலிருந்த தேத்தண்ணீர்க் கோப்பையைப் படியில் வைத்துவிட்டு நின்றேன்.

அந்த மூன்று கோடுகளையும் போட்டவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். அவை கீழே போகும்படி கல்லைத் திருப்பி வைத்ததும் நான்தான் என்பது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லவே எழுதுகிறேன். எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். அதற்காக நீங்கள் எத்தனையோ முறை என்னைக் கேலி செய்திருக்கிறீர்கள்.

வாவிக்கரையில் இருந்த, கொப்பறா மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் நான் எழுதுவினைஞனாகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் கணக்கும் நன்றாகப் படித்திருந்தேன். முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டால் பேனா நின்றுவிடும். நீங்கள் துறையில் தோணிகளிலிருந்து மூட்டை இறக்குவீர்கள். மற்றவர்கள் ஒன்றைச் சுமந்துகொண்டு முனகி வரும்போது, நீங்கள் தோளில் ஒன்றும் அக்குளில் ஒன்றுமாக, யாருடனோ கதைத்துக்கொண்டு வருவீர்கள். நான் ஒவ்வொரு மூட்டையையும் இரண்டு முறை தராசில் ஏற்றுவதைக் கண்டு, "உன்னக் கண்டாத் தராசுக்கே பயம் வந்திரும் கிளாக்கர்" என்றீர்கள். அன்றிலிருந்து நான் உங்களுக்குக் கிளாக்கர்தான். என் பெயரைச் சொல்லி நீங்கள் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

அந்தக் கல் வெல்லாவெளிப் பக்கத்து வயல் வட்டை ஒன்றில், ஏருக்குத் தடையாகக் கிடந்தது. அறுப்புக்குப் போயிருந்த நீங்கள் அதை வரம்பு வரை தூக்கிக்கொண்டு போய்ப் போட்டீர்களாம். கதை பரவியது. பார்க்க வேண்டும் என்று ஆட்கள் கேட்க, வண்டியிலும் தோணியிலுமாக அதைத் துறைக்கே கொண்டுவந்து தோளில் ஏற்றிக் காட்டினீர்கள். கொஞ்ச நாளில், கல் உள்ளே கோறையாக இருக்கும், நிறை இவ்வளவு வராது என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. அதை என்னிடம் கொண்டுவந்தீர்கள்.

கிட்டங்கியின் பெரிய தராசில் ஏற்றினோம். மறுதட்டில் அரை அந்தர்ப் படிக்கல் ஐந்து வைத்ததும் முள் நடுவில் நின்றது. இரண்டரை அந்தர், அதாவது இருநூற்றெண்பது இறாத்தல். ஓர் இறாத்தல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கல்லை மாற்றிவிட்டார்கள் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது என்று நினைத்து, உளியால் அதில் மூன்று கோடு கீறினேன். இன்னொன்றும் சொன்னேன். "இறக்கக்குள்ள மெல்ல இறக்குங்க அண்ணன். சில்லுப் பறந்தா நிறை மாறிப்போகும்."

நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். ஆனால் அதன் பிறகு அந்தக் கல்லை நீங்கள் ஒருநாளும் போட்டதில்லை. மற்ற பலசாலிகள் தூக்கிய பாரத்தைப் பொத்தென்று போட்டு நிலத்தை அதிர வைப்பார்கள், சனம் ஆரவாரிக்கும். நீங்களோ நிறைகுடத்தை இறக்குவதுபோலக் கல்லை நிலத்தில் வைப்பீர்கள். நான் சொன்ன ஒரு சொல்லுக்காக.

ஏறாவூர், வந்தாறுமூலை, ஓட்டமாவடி என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனோம். நீங்கள் தூக்குவதற்கு முன் நான் எழுந்து வந்து, குறியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்வேன்: "இன்று காலை நிறுத்தேன். இரண்டரை அந்தர். சரி." அவ்வளவுதான் என் பங்கு. ஆனாலும் என் வாழ்க்கையில் ஒரு கூட்டம் வாய்மூடிக் கேட்டது அந்த ஒரு வார்த்தையை மட்டும்தான். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. இப்போது ஒளித்து என்ன பயன்?

பிறகு கொழும்பிலிருந்து ஒரு கூடாரக் கொம்பனி வந்தது. அவர்களுடைய மல்லனோடு மணி அடிக்கும் வரை நின்று காட்ட வேண்டும் என்றார்கள். நின்றீர்கள், கடைசியில் அவனைத் தூக்கிக் கயிற்றுக்கு வெளியே வைத்தீர்கள். அதுவும் மெல்லத்தான். கூடாரத்தோடு உங்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். குத்துச்சண்டை, மல்யுத்தம் என்று ஏழெட்டு வருடம். சித்திரை வருடப்பிறப்புக்கு வரும்போதெல்லாம் உடம்பில் ஏதாவது ஒன்று மாறியிருக்கும். ஒரு வருடம் இடது காது. ஒரு வருடம் மூக்கு. எது அண்ணன் அங்கே கஷ்டம் என்று கேட்டேன். "சிரிக்கிறதுதான். முகம் வீங்கி இரிக்கக்குள்ள, கும்பிட்டுச் சிரிச்சுப்போட்டு இறங்கு எண்டுவானுகள்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு சென்னைக்குப் போனீர்கள். படம் பேசத் தொடங்கியிருந்த காலம். பெரிய உடம்புக்காரரைத் தேடினார்களாம். நீங்கள் நடித்த ஒரு படம் நம் ஊருக்கும் வந்தது. கூடாரம் போட்டுக் காட்டினார்கள். நான் மூன்று நாள் போனேன். முதல்நாள், "நம்மட ஆள், நம்மட ஆள்" என்று எல்லோரும் எழும்பி நின்றார்கள். படத்தில் நீங்கள் அரண்மனை முற்றத்தில் ஒரு கரும்பாறையைத் தலைக்கு மேல் தூக்கி எறிவீர்கள். உங்கள் பாதி உடம்பும் இல்லாத கதாநாயகன் அதை ஒற்றைக் கையால் ஏந்தித் திருப்பி எறிவான். நீங்கள் மண்டியிட்டுக் கைகூப்பி நடுங்குவீர்கள். மூன்றாம் நாள் அந்த இடத்தில் கூடாரமே சிரித்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பாறையை. விழுந்த இடத்தில் அது சற்றே துள்ளியது.

நான் மட்டும் கண்டிருப்பேன் என்று நினைத்தேன். எல்லோரும் கண்டிருந்தார்கள். 'கடுதாசிக் கல்லு' என்ற பேர் துறையெல்லாம் பரவியது. அப்படியானால் முந்தித் தூக்கியதும் கடுதாசிதானோ என்று யாரோ தொடங்கினார்கள். முதலாளி ஒருநாள் ஆட்கள் முன்னிலையில், "ஒண்டில் நம்மட கிளாக்கரையும் ஏமாத்திரிக்கான், இல்லாட்டிக் கிளாக்கரும் கூட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அண்ணன். வீட்டுக்குப் போனபின், ஒருவேளை தராசு முள்ளை நான் பிழையாகப் பார்த்திருப்பேனோ என்றும் யோசித்தேன். ஐந்து படிக்கற்களை என் கையாலேயே வைத்தவன் நான்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் நீங்கள் திரும்பி வந்தீர்கள். படம் எடுப்பது குறைந்துவிட்டது என்றீர்கள். வலது முழங்கால் நேராக நீளவில்லை. தலையில் பாதி நரை. துறையில் இரண்டு நாள் நின்றபோது, தோணிக்காரர்கள் வெறும் சாக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நடுங்கிக் காட்டினார்களாம். மூன்றாம் நாள் என் வீட்டுக்கு வந்தீர்கள். கதிரையில் இருக்கச் சொன்னேன். உடைந்துவிடும் என்று தரையில் இருந்தீர்கள்.

"அங்க விழுந்து கும்பிட்டது வேலை கிளாக்கர். இஞ்ச தூக்கினது நான். ரெண்டையும் ஒண்டாக்கிறானுகள்" என்றீர்கள். கோயில் வெளியில் மேடை போடுகிறார்கள், இன்னும் ஒரே ஒருதரம் அந்தக் கல்லைத் தூக்கிவிட்டுப் பிறகு பேசாமல் இருந்துவிடுவேன் என்றும் சொன்னீர்கள். "நான் தூக்கிறது பெரிசில்ல. நீ முந்திச் சொன்ன மாதிரிச் சொன்னாக் காணும். உன்ட வாயால வந்தா நம்புவானுகள். அண்டைக்குக் காலையில வீட்டில கிடக்கிற கல்லக் கொண்டு வாறன், நிறுத்துப் பார்."

ஓம் என்றேன்.

யுத்தக் கட்டுப்பாடுகள் வந்தபின் தராசு அறைச் சாவி முதலாளியிடம் இருந்தது. கேட்டால் தந்திருப்பார், ஒரு பகிடி விட்டுச் சிரித்திருப்பார், அவ்வளவுதான். அந்தக் கிழமையில் மூன்று முறை அவருடைய அறை வாசலில் போய் நின்றேன். என்ன என்று கேட்டார். முதல்முறை, சாக்குத் தைக்கும் நூல் முடிந்துவிட்டது என்றேன். இரண்டாம் முறை, கூரை ஒழுகுகிறது என்றேன். மூன்றாம் முறை, ஒன்றுமில்லை என்றேன். மேடை நாளன்று காலை உங்களுக்கு ஆள் அனுப்பினேன்: கிட்டங்கி இன்று பூட்டு, கல்லை நேரே மேடைக்குக் கொண்டுபோகவும். கிட்டங்கி பூட்டவில்லை. நான் உள்ளே இருந்துதான் அதைச் சொல்லி அனுப்பினேன்.

பின்னேரம் வெளி நிறையச் சனம். முன்வரிசையில் முதலாளி, அவரோடு இரண்டு விருந்தாளிகள். பலகை மேடை நடுவில் கல் இருந்தது. என்னைக் கூப்பிட்டீர்கள். குனிந்து தடவினேன். மூன்று கோடுகளும் விரலுக்குத் தட்டுப்பட்டன. இந்த உலகத்தில் நான் நிச்சயமாக அறிந்த பொருட்கள் அதிகமில்லை. அந்தக் கல் அதில் ஒன்று.

பின்னாலிருந்து ஒரு தோணிக்காரர் சத்தம் போட்டார்: "கிளாக்கர், கல்லா கடுதாசியா? சொல்லிப்போட்டு இறங்குங்க." சிரிப்பு எழும்பியது. முதலாளி கைலேஞ்சித் துணியை வாயில் வைத்தபடி என்னையே பார்த்தார்.

"சொல்லு கிளாக்கர்" என்றீர்கள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் சொன்னேன்: "இண்டைக்கு நான் நிறுக்கல்ல."

அந்த வாக்கியத்தை நான் பிறகு எத்தனையோ முறை எழுதிப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பிழையும் இல்லை. ஒழுங்கான ஓர் எழுதுவினைஞன் சொல்ல வேண்டிய வாக்கியம்தான். சொல்லி முடித்தபோது, தப்பித்துவிட்டேன் என்று ஒரு கணம் எனக்கு நிம்மதிகூட வந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

சனம் சிரித்த சிரிப்பில் மேடைப் பலகை அதிர்ந்தது. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்தீர்கள். கல் முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது, தோளில் ஏறியது. ஒரு நடுக்கம் இல்லை. அந்தப் பழுதான காலோடு அவ்வளவு வடிவாக எப்படித் தூக்கினீர்களோ எனக்குத் தெரியாது. வடிவாகத் தூக்கியதுதான் குற்றமாகிவிட்டது. "பாருங்கடா, பஞ்சு மூட்டை மாதிரி வருது" என்றான் ஒருவன்.

போடுங்கள் அண்ணன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஒருதரம் போட்டுவிடுங்கள். பலகை உடையட்டும், கல் மண்ணுக்குள் புதையட்டும், எல்லா வாயும் மூடட்டும். போட்டிருந்தால் என் சொல்லே தேவைப்பட்டிருக்காது.

நீங்கள் மெல்லக் குனிந்து, வழக்கம்போல, சத்தமில்லாமல் அதை வைத்தீர்கள். பிறகு கும்பிட்டீர்கள். சிரித்தீர்கள். நிமிர்ந்து மேடையை விட்டு இறங்கினீர்கள்.

மறுநாள் காலை, றயிலுக்குப் போகும் வழியில், பையோடு கிட்டங்கி வாசலுக்கு வந்தீர்கள். நான் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "நீ பொய் சொல்லல்லத்தானே கிளாக்கர். அத நினைச்சிக்கிட்டுக் கிடக்காத" என்றீர்கள். கிட்டங்கி பூட்டு என்று ஆள் அனுப்பியவனிடம், திறந்து கிடந்த அதே கிட்டங்கி வாசலில் நின்று அதைச் சொன்னீர்கள். முந்தின நாள் நான் சொல்லி அனுப்பியது பொய் என்று அப்போது உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தேதான் சொன்னீர்களா? நான் "ஓம்" என்றேன். முந்தின நாள் மேடையில் வராத ஓம் அப்போது சுறுக்காக வந்தது.

மேடையைப் பிரித்தபோது கல்லை இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. கழி கட்டித் தூக்கினார்கள். "இது கல்லுத்தான்" என்று அவர்களில் ஒருவர் சொன்னார். அந்தப் பேச்சு இரண்டு நாள் இருந்தது. பிறகு சனத்துக்கு வேறு வேலை வந்துவிட்டது. முதலாளி வெளியூர் போன ஒரு நாளில் அதைக் கிட்டங்கிக்குக் கொண்டுவரச் செய்து, ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு முள்ளைப் பார்த்தேன். நடுவில் நின்றது. அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவியிடம், துணி தோய்க்க நல்ல கல் என்றேன். குறி கீழ்ப்பக்கம் போகும்படி நானே நின்று வைப்பித்தேன். அவள் இருந்தவரை அதில்தான் துணி தோய்த்தாள். அது எதன் கல் என்று அவளுக்கும் நான் சொல்லவில்லை.

கொழும்பில் ஒரு படமாளிகை வாசலில் காவலாக நிற்கிறீர்கள் என்று, சில வருடங்களுக்குப் பின் காத்தான்குடி வியாபாரி ஒருவர் சொன்னார். அடுத்தமுறை வந்தபோது, நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள் என்றார். என்னைப் பற்றி எப்போதாவது விசாரித்தீர்களா என்று அவரிடம் கேட்க வாய் வரவில்லை.

இன்று காலை, குறியைக் காட்டிய பிறகு மேசன் கேட்டான். "எத்தின அந்தர் வரும் ஐயா?"

"இரண்டரை அந்தர்" என்றேன். சத்தம் கூடிவிட்டது போல. மருமகள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நிறுத்துப் பாத்தீங்களோ?" என்றான் அவன், வேலையைப் பார்த்தபடி.

"இண்டைக்கு நிறுக்கல்ல. ஆனா எனக்குத் தெரியும்."

அவன் தலையாட்டிவிட்டு அலவாங்கை எடுத்தான். அவ்வளவுதான், அண்ணன். அன்றைக்கு மேடையில் அந்தக் கடைசி இரண்டு சொல்தான் எனக்குக் குறைந்துபோயிற்று. அவை இன்றைக்கு, தேவையில்லாத ஓர் ஆளிடம், தடங்கலில்லாமல் வந்தன.

கல்லைப் புது இடத்தில் குறி மேலே தெரியும்படி வைக்கச் சொன்னேன். மெல்ல வைக்கச் சொன்னேன். "கல்லுத்தானே ஐயா, உடையாது" என்று மேசன் சிரித்தான். நானும் போய் ஒரு பக்கம் கை கொடுத்தேன். என் கை அதற்கு எந்த உதவியும் இல்லை. சத்தம் வராமல்தான் வைத்தோம்.

மருமகள் நாளைக்கு அதில் துணி தோய்ப்பாள். கோடுகளைக் கண்டு என்ன மாமா இது என்று கேட்பாள். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன், உங்கள் பெயரிலிருந்து தொடங்கி. பின்னேரம் முழுக்க அதை வாய்விட்டு வாசித்துப் பழகினேன். அவள் கேட்கும் நேரத்தில் என் வாய் திறக்குமோ என்பது மட்டும் எனக்குத் தெரியாது.