பின் சீட்டில் தேக்சா

மே 6, செவ்வாய்

ஜுவேரியா வகுப்பில் இரண்டாவதாக வந்திருக்கிறாள். முதலாவது வந்த பெண்ணுக்கு டியூஷன் வைத்திருக்கிறார்களாம். இவளுக்கு டியூஷன் கிடையாது. அப்படிப் பார்த்தால் என் பேத்திதான் முதலாவது. எதிர் வீட்டு நீரஜாவிடம் இதைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிடையரானவள். "உன் கணக்கே தனிடி ஜமீலா" என்று சிரித்தாள். சிரிக்கட்டும்.

சாப்பிடும்போது என் மகன் அமீன் சொன்னான், "லீவு முடியறதுக்குள்ள ஏற்காடு போய்ட்டு வந்துடலாம். பதினேழாம் தேதி காலையில கிளம்பறோம். தௌசீஃப் தன் வண்டியைத் தரேன்னுட்டான்." பேரன் ஃபராஸ் நாற்காலி மேல் ஏறிக் குதித்தான். ஆறு வயசுப் பிள்ளை குதிக்காமல் என்ன செய்யும்.

கிளம்பறோம் என்றான். யார் யார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 8, வியாழன்

வெயில் தாங்க முடியவில்லை. இந்த வெயிலில் ரூபீனா தி. நகர் போய் ஸ்வெட்டர் கேட்டிருக்கிறாள். ரங்கநாதன் தெருவில் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, வூட்ல ஏசி அவ்ளோ குளுருதா?" என்றாராம். அவள் நடித்துக் காட்டியதில் எல்லோரும் சிரித்தோம். என் மருமகள் சிரிக்க வைத்தால் சோறு இறங்காது.

மே 9, வெள்ளி

இமாம் ஜாமின் தைக்க உட்கார்ந்தேன். ஜுவேரியா பக்கத்தில் வந்து, "இது எதுக்கு தாதி?" என்றாள். பச்சைத் துணியில் ஒரு காசை வைத்துத் தைத்து, பயணம் போகிறவர்களின் வலது கையில், முழங்கைக்கு மேலே கட்டுவது, போய்ச் சேர்ந்ததும் அந்தக் காசை ஏழைக்குக் கொடுத்துவிடுவது என்று சொன்னேன். கட்டிவிடுகிறவர் பயணம் போகாமல் வீட்டிலேயே தங்குகிறவராக இருக்க வேண்டும். இது எங்கள் மாமியார் காலத்து வழக்கம். போகிறவர் கையால் போகிறவருக்குக் கட்டக் கூடாது.

மாமியார் போன பிறகு கட்டுவதெல்லாம் நான்தான். என் வீட்டுக்காரர் ஆம்பூருக்குப் போனாலும் சரி, அமீன் காலேஜ் டூர் போனாலும் சரி. நான் கட்டி அனுப்பிய யாருக்கும் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், என்ன இப்போ?

நாலு தைக்க வேண்டும். அமீன், ரூபீனா, பிள்ளைகள் இரண்டு பேர்.

மே 11, ஞாயிறு

அமீன் கதவருகே நின்று நான் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "இன்னாடா?" என்றேன். "ஒண்ணுமில்ல அம்மி" என்று போய்விட்டான்.

மே 13, செவ்வாய்

எனக்கும் போகணும் என்று இருக்கிறது. எழுதிவிட்டேன், இனி அடித்து அழிக்க மாட்டேன்.

மலை பார்த்ததில்லை. பரங்கிமலையை மலை என்று கணக்கில் சேர்க்க முடியாது. கேட்டால் என்ன? "நானும் வரேன்டா"— ரெண்டே வார்த்தைதான், வாயில் வர மாட்டேன் என்கிறது. கேட்டு, அவன் முகம் ஒரு நொடி மாறிவிட்டால்? மாமியாரை வைத்துக்கொண்டு எப்படி என்று ரூபீனா நினைத்துவிட்டால்? முட்டி வலிக்காரி, பத்து அடிக்கு ஒரு தரம் உட்கார இடம் தேடுவேன். இளசுகள் நாலு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வரட்டும்.

கூப்பிட்டால் போவேன். கூப்பிடாமல் போக மாட்டேன்.

மே 14, புதன்

மனசு சரியில்லை என்றால் எனக்குக் கை நிற்காது. கீமா வறுத்தேன், தண்ணீர் சுண்டச் சுண்ட. மூன்று நாள் தாங்கும். பூண்டு ஊறுகாய், பிள்ளைகளுக்கு முறுக்கு. அரிசி, மசாலா எல்லாம் தனித்தனியாகக் கட்டினேன். வெளிச்சாப்பாடு ஃபராஸுக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் பிரியாணி போடுகிற பெரிய தேக்சாவும் அடுப்பும் எடுத்து வைத்தேன். ரூபீனா, "அம்மி, நாங்க ஏற்காட்டுல கல்யாணம் பண்ணவா போறோம்?" என்றாள். அவள் பெட்டி மூன்று. அதை யாரும் கேட்கவில்லை.

மே 15, வியாழன்

தௌசீஃப் வண்டி கொண்டுவந்தான். அமீனோடு ஸ்கூலில் படித்தவன், கோடம்பாக்கத்தில் ஷூட்டிங்குக்கு வண்டி ஓட்டுகிறான். "அம்மி, வண்டி சோக்கா கீது பாருங்க. பின்னாடி சீட்டை மடிச்சா வூட்டையே ஏத்தலாம்."

"மடிச்சிடு" என்றேன்.

அமீன் என்னைப் பார்த்தான். "மடிச்சிடவா அம்மி?" என்று மறுபடி கேட்டான்.

"தேக்சா எங்க வைப்பே, உன் தலையிலயா?" என்றேன். மடித்தான். நானே நின்று தேக்சாவை ஏற்ற வைத்தேன்.

மே 16, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் ரூபீனா சமையலறையிலிருந்து, "அம்மி, ஃப்ரிட்ஜ்ல சால்னா வச்சிருக்கேன், சூடு பண்ணிக்குங்க. கேஸை மறக்காம மூடுங்க" என்றாள். நல்லபடியாகத்தான் சொன்னாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ, "நான் இன்னா இந்த வூட்டு வாட்ச்மேனா?" என்று கத்திவிட்டேன்.

அவள் கரண்டியோடு வெளியே வந்தாள். கண்ணில் தண்ணீர். "எங்களோட வர்றது உங்களுக்கு அவ்ளோ கஷ்டமா அம்மி? மாடிப்படி இல்லாத ரூமா வேணும்னு போன் மேல போன் போட்டு வாங்கினேனே, யாருக்காக? எங்க யாருக்கு முட்டி வலி?"

"என்னை யாரு கூப்பிட்டது?"

"கூப்பிடறதா?" அமீன் உள்ளே வந்தான். "பெத்த அம்மாவுக்குப் பத்திரிகை வச்சு அழைக்கணுமா? கிளம்பறோம்னா நீங்களும்தான். மூணாம் நாளே நாலே நாலு தைக்க உக்காந்துட்டீங்க. கட்டறவங்க வர மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? சரி, அம்மிக்கு இஷ்டமில்ல போலன்னு விட்டுட்டேன். சீட்டையாவது மடிக்க வேணாம்பீங்கன்னு பார்த்தேன், அதையும் மடிக்கச் சொன்னீங்க!"

அவர்கள் கூப்பிடவில்லை என்று நான் தைத்திருக்கிறேன். நான் தைக்கிறேன் என்று அவர்கள் கூப்பிடவில்லை. இந்த வீட்டில் எல்லோருக்கும் வாய் இருக்கிறது, ஊர் வம்புக்கு மட்டும்.

"எனக்கு வரணும்டா" என்றேன். குரல் கேவலமாக உடைந்தது.

அமீன் சீட்டை நிமிர்த்தக் கீழே போனான். என் இடத்தில் தேக்சா உட்கார்ந்திருக்கிறது. "தேக்சாவா நீங்களா, ரெண்டுல ஒண்ணுதான் அம்மி" என்றாள் ரூபீனா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. நான் பதில் சொல்வதற்குள் ஃபராஸ், "தேக்சா!" என்றான். பிரியாணிக்கு விசுவாசி. என் வம்சம்தான்.

தேக்சா மறுபடி மாடி ஏறியது. ரூபீனாவின் பெட்டி ஒன்றும் ஏறியது, நியாயம்.

ஐந்தாவதை என்னைத் தைக்க விடவில்லை. ரூபீனா உட்கார்ந்தாள். பச்சை நூல் தீர்ந்துவிட்டது என்று வெள்ளை நூல். தையல் கோணல் மாணல். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வாய் பேசாமல் இருந்ததை அல்லாஹ் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

மே 17, சனி

ஃபஜ்ர் தொழுகை முடித்து நீரஜா வீட்டுக் கதவைத் தட்டினேன். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள். ஐந்து பேரும் கிளம்புகிறோம், கட்டிவிட வீட்டில் ஆள் இல்லை என்று சொன்னதும், "அய்யோ, நேக்கு உங்க பிரார்த்தனை ஒண்ணும் தெரியாதேடி" என்றாள்.

"முடிச்சு போடத் தெரியுமில்ல? நல்லபடியா போய்ட்டு வரட்டும்னு மனசுக்குள்ள சொல்லு."

வரிசையாக ஐந்து பேரும் நின்றோம். ஒவ்வொருவர் கையிலும் கட்டி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். எனக்கு மட்டும் ரொம்ப நேரம். கபாலியிடம்தான் ஒப்படைத்திருப்பாள். ஒப்படைக்கட்டும். பிறகு அத்தனை பேர் எதிரிலும், "ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வச்சிண்டு திரிஞ்சியே, இதுக்குத்தானா? வாயத் திறந்து கேக்கப்படாதோ?" என்றாள். ரூபீனா சிரித்ததைப் பார்த்தேன்.

செங்கல்பட்டில் டீ. வண்டி ஆடுகிறது, எழுத்து கோணுகிறது. பிறகு.

மே 18, ஞாயிறு, ஏற்காடு

குளிர். ரூபீனாவின் ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். இறுக்கிப் பிடிக்கிறது, ஆனால் கதகதப்பாக இருக்கிறது.

நேற்று மலை ஏற ஆரம்பித்ததும் ஜுவேரியா வாந்தி எடுத்தாள். ஃபராஸ் என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். அசைந்தால் எழுந்துவிடுவான் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் பாறைச் சுவர்தான், செடி, குரங்கு. பள்ளத்தாக்கும் கீழே சேலமும் எல்லாம் அந்தப் பக்கமாம். "அம்மி, பாருங்க, பாருங்க" என்று அமீன் கத்திக்கொண்டே ஓட்டினான். என்னத்தைப் பார்ப்பது.

இன்று காலை டீ குடிக்கும்போது எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டேன், இறங்கும்போது பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் வருகிறதோ அந்த ஜன்னல் எனக்கு என்று. ஜுவேரியா முகத்தைச் சுளித்தாள். சுளிக்கட்டும்.